வெயிலுகந்தபுரத்து வானத்தில் ஒரு தூசி

வெயிலுகந்தபுரத்தில் வெயில் வந்துபோகிற விருந்தாளி இல்லை, அதுதான் வீட்டுக்காரன். மழையும் மேகமும்தான் விருந்தாளிகள், அதுகளும் ரொம்ப மரியாதை தெரிந்தவை, வந்த கையோடு செம்புத் தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடும். ஊரைக் காக்கிறவளுக்கே வெயிலுகந்த அம்மன் என்றுதான் பெயர், அவள் தலைக்குமேல் கூரை கிடையாது, கூரை போட்டால் அவளுக்கு ஆகாது என்று பூசாரி குருவையாவின் பரம்பரையே சொல்லிக்கொண்டு வந்ததில் ஊர்க்காரர்களும் அம்மனுக்கு இல்லாத நிழல் நமக்கெதற்கு என்று ஒரு மரம்கூட வைக்காமல் இருந்துவிட்டார்கள், வைத்திருந்தாலும் அந்தக் கரிசலில் வேலிக்கருவையைத் தவிர எதுவும் பிழைத்திருக்காது என்பது வேறு விஷயம். ஊருக்குக் கிழக்கே மிளகாய்க்களம். மாசியில் பழுத்த மிளகாயைக் கொண்டுவந்து கொட்டினால் களம் முழுக்கச் சிவப்பாய்க் கிடக்கும், அதன் நடுவே பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் மாரித்தங்கமும் ஒருத்தி, அவளுடைய புருஷன்தான் சீனிராஜ்.

சீனிராஜுக்குப் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. காலையில் மேல்நிலைத் தொட்டிக்குப் போய் வால்வைத் திருகிவிட்டால் அப்புறம் மூடுகிறவரைக்கும் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பறவை பார்ப்பதுதான் பாக்கி. அப்படித்தான் கல்யாணமான புதிதில் ஒருநாள் வரகுக்கோழியைப் பார்த்தான். புல்லுக்குள் இருந்த கறுப்புப் பறவை ஒன்று திடீரென்று ஆள் உயரத்துக்குமேல் குதித்து, அந்தரத்தில் தலையைப் பின்னால் வளைத்து, காதோரத்து இறகுகள் ரிப்பன்போலப் பறக்க, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு கல்லைப் போட்ட மாதிரி புல்லுக்குள் விழுந்தது. இறங்கி ஓடிவந்து டீக்கடையில் சொன்னான். அதோடு அவன் மானம் போயிற்று. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று கடைக்காரர் ஆரம்பித்துவைக்க, ஊருக்கே அது பழமொழியாகிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் அது சீனிராஜ் கோழி, ஓட்டுக் கேட்டு வந்தவர் பாலம் கட்டித் தருகிறேன் என்றால் அது சீனிராஜ் கோழி, பிள்ளை வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் அதுவும் சீனிராஜ் கோழிதான். தன் பெயர் பொய்க்கு மறுபெயராக ஊரெல்லாம் திரிவதைக் கேட்டுக் கேட்டு அவன் வெந்துபோனான். அந்தக் கோழியை ஒரே ஒரு தடவை படமெடுத்து இந்த ஊர் முகத்துக்கு நேரே நீட்டிவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை.

அதற்காகவே மதுரையில் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கிற ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினான். அது ஏதோ ஒரு பந்தியில் பாயசத்துக்குள் விழுந்து எழுந்த கேமரா. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டு, மாரித்தங்கத்தின் தையல் மிஷின் திருப்புளியால் அதைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு முந்திரிப்பருப்பும் கொஞ்சம் அட்சதையும் விழுந்தன. துடைத்து மூடியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. திறந்து மூடிய எந்தப் பொருளிலும் ஒரு திருகாணி மிஞ்சத்தான் செய்யும் என்று அவனே அவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். கேமராவுக்கு ஈரம் ஆகாதென்று அதையும், படங்களைச் சேர்த்துவைக்கிற ஹார்ட் டிஸ்க்கையும் காற்றுப்புகாத அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்தான், அதனால் மாரித்தங்கம் உலை வைக்கும்போதெல்லாம் அரிசியோடு மெமரி கார்டும் வருகிறதா என்று அரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் வயல். 'கோழி வராத வயல், காலை' என்று ஒரு ஃபோல்டர், 'கோழி வராத வயல், மாலை' என்று ஒன்று, 'கோழி வந்துவிட்டுப் போன மாதிரி இருக்கிற வயல்' என்று இன்னொன்று. பார் பார் என்று அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாரித்தங்கம், "வெறும் வயலைப் பாக்க நான் எதுக்கு லேப்டாப்பைத் திறக்கணும், வாசக்கதவைத் திறந்தாப் போதாதா?" என்பாள். அவன் எடுத்த படத்தை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

தூசி விழுந்த கதைக்கு வருவோம். ஒரு பங்குனி மாதத்து உச்சிவேளையில் மாரித்தங்கத்துக்குச் சோற்றுவாளியைக் கொடுக்கக் களத்துக்குப் போன சீனிராஜ் எடைபோடும் கொட்டகைமேல் ஒரு பனங்காடை நீலச் சிறகை விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், பார்த்தவன் கை சும்மா இருக்குமா, தூரத்துக்கு எடுக்கிற லென்ஸை மாட்டுவதற்காக, கழுத்தில் தொங்கிய கேமராவில் இருந்த லென்ஸைக் கழற்றினான். காற்றடிக்கிற இடத்தில், அதுவும் வாய் மேலே பார்க்க, கேமராவைத் திறந்து வைக்கக்கூடாது என்று இந்தக் கிறுக்குப் பிடித்த எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பும் அதுதான். சரியாக அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள் ஒரு காலிச்சாக்கை எடுத்துப் பட்டென்று உதறினாள். களத்தில் எல்லோரும் ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் அவன் லென்ஸை மாட்டிப் படத்தை எடுத்துவிட்டான். பனங்காடை அழகாக வந்திருந்தது. ஆனால் படத்தின் வலது மேல்மூலையில், வானத்தில், உளுந்தவடை அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. கேமராவுக்குள் கண்மணி மாதிரி ஒரு கண்ணாடித் தகடு உண்டு, சென்சார் என்பார்கள், அதில் தூசி ஒட்டிவிட்டது என்று அவனுக்குப் புரிந்துபோனது, நாசமாய்ப் போக என்று தலையிலடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். வானத்திலும் அதே மூலையில் அதே பொட்டு இருந்தது.

அதற்குக் கீழே களத்தின் வலது பக்கத்தில் நாலு வீடு அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. மேகத்து நிழல் மாதிரி ஓடவில்லை, மரத்து நிழல் மாதிரி சூரியனுக்குத் தக்கபடி சாயவில்லை, விரித்த பாய்போல விழுந்த இடத்திலேயே கிடந்தது. பெண்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பேச்சியம்மாள் தன் மிளகாய்க் குவியலை முறத்தால் தள்ளிக்கொண்டுபோய் நிழலுக்குள் உட்கார்ந்தாள், அவள் உட்கார்ந்ததைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள், சோறு தின்றார்கள், ஒருத்தி குறட்டை விட்டாள். ஆடுகளும் வந்து படுத்துக்கொண்டன.

மறுநாள் சீனிராஜ் தொட்டிமேலிருந்து ஒரு கொக்கைப் படமெடுத்ததும் நிழல் களத்தைவிட்டுக் கண்மாய்க்கரைக்குப் போயிற்று. வீட்டுவாசலில் பூனையைப் படமெடுத்ததும் நிழல் எதிர்வீட்டு மாடிக்குப் போய், அங்கே காயவைத்திருந்த கூழ்வற்றலைக் காயவிடாமல் செய்து, சண்டையை இழுத்துவைத்தது. அப்போதுதான் ஊருக்குக் கணக்குப் பிடிபட்டது. கேமரா எங்கே பார்க்கிறதோ அதன் வலது மேல்மூலைக்குப் பொட்டு போகிறது, பொட்டு போகிற இடத்துக்கு நிழல் போகிறது, அடுத்த கிளிக் வரைக்கும் அங்கேயே நிற்கிறது. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் புகையேற்றிய கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, இது மேகம் இல்லை, கிரகணம் இல்லை, பறவை இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தவர் நடுவில் ஜிலுஜிலுவென்று இருக்கவே பேச்சை நிறுத்திவிட்டு நிழலில் துண்டை விரித்துக்கொண்டார். அதற்குமேல் யாரும் அதை ஆராயவில்லை. காரணம் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பது வெயிலில் கிடப்பவர்களுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து சீனிராஜுக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. தண்ணிக்கும் அவன்தான் நிழலுக்கும் அவன்தான் என்று ஆகிப்போனதில், கோழிக்கதை சொல்லிக் கிண்டலடித்த டீக்கடைக்காரர் அவன் வருகிற தூரத்திலேயே வடையை எடுத்து இலையில் வைத்தார், பேரூராட்சித் தலைவர் சௌந்தரபாண்டி பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கிளிக் போடும்படி ஆளனுப்பினார், ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு அவன் போட்டுக்கொடுத்த நிழலை எதிர்க்கட்சிக்காரர்கள் இருண்ட ஆட்சியின் அடையாளம் என்று மைக்கில் திட்டிவிட்டு மறுவாரம் தங்கள் கூட்டத்துக்கும் அதே நிழலைக் கேட்டு வந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். பந்தல்மேல் நிழல் விழவேண்டுமானால் கேமரா பந்தலுக்கு இடதுபக்கம் பார்க்க வேண்டும், பந்தலுக்கு இடதுபக்கம் மாட்டுத்தொழுவம், ஆகவே அந்த வருஷத்து முகூர்த்தங்களில் அவன் எடுத்த படங்களில் பெண்ணும் இல்லை மாப்பிள்ளையும் இல்லை, அசைபோடுகிற எருமைகள்தான் இருந்தன. படம் வேண்டுமா என்று அவன் கேட்டான். "படம் யாருக்கு வேணும் அண்ணே, சாப்பிட்டுப் போங்க" என்றார்கள்.

அது அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அவன் படத்தைப் பார்க்காத ஊர் இப்போது அவனுடைய தூசியைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. லேப்டாப்பில் அந்தப் பொட்டை அழித்துப் பார்த்தான், அழிந்தது, மூடிவிட்டுத் திறந்தால் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. ரப்பர் உருண்டையை அமுக்கிக் காற்றடித்தால் ஒரே ஊதில் தூசி போய்விடும் என்று தெரியும், ஆனால் ஊதினால் ஊர் உதைக்கும் என்பதும் தெரியும்.

இதற்கு நடுவில் ஒருநாள் பருந்து ஒன்றைக் குறிவைத்து அவன் அழுத்திய அழுத்தில் நிழல் நேரே போய் வெயிலுகந்த அம்மன் தலையில் விழுந்துவிட்டது. பூசாரி குருவையா உடம்பெல்லாம் பதறத் தெருவில் ஓடிவந்தார், ஊர் கோயில் முன்னால் கூடிவிட்டது, அம்மனுக்கு நிழல் விழுந்தால் மழை பொய்க்கும் என்று ஒரு கூட்டமும், எப்போதுதான் மழை மெய்த்தது என்று ஒரு கூட்டமும் கட்டிப்புரள இருந்த நேரத்தில், பேச்சியம்மாளுக்கு அருள் வந்தது. அவள் வாயிலிருந்து அம்மன் பேசினாள். "நல்லாத்தான்டா இருக்கு. குளுகுளுன்னு இருக்கு. ஆனா பழகிருமேடா. பழகிட்டா அப்புறம் வெயிலு தாங்காதேடா. எடுத்துருங்கடா" என்றாள். சீனிராஜ் கேமராவைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயோ பார்த்து ஒரு கிளிக் போட்டான். நிழல் போலீஸ் ஸ்டேஷன் மேல் விழுந்தது, அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிழல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை முற்றியபோது சௌந்தரபாண்டி பேரூராட்சி வாசலில் கூட்டம் போட்டார். பஸ் நிறுத்தத்துக்கு என்றார்கள் சிலர், பள்ளிக்கூடத்துக்கு என்றார்கள் சிலர், ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்வோம் என்று நியாயமாகப் பேசியவர்களை யாரும் கேட்கவில்லை. மாரித்தங்கம் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அது என்ன தூசி? மிளகாத் தூசி. எந்தக் களத்துத் தூசி? எங்க களத்துத் தூசி. பேச்சியக்கா உதறுன சாக்குலருந்து போனது. எங்க தும்மல்லருந்து வந்தது எங்களுக்கில்லாம உங்களுக்கா?" என்றாள்.

தூசிக்குத் தாய்வீடு களம்தான் என்று சௌந்தரபாண்டி தீர்ப்புச் சொன்னார். நிழல் களத்துக்குப் போயிற்று. போன நிழல் நகரக்கூடாது என்பதால் சீனிராஜ் இனிமேல் எதையும் படமெடுக்கக்கூடாது என்றும் அதே கூட்டத்தில் முடிவானது. யாரும் அவனைக் கேட்கவில்லை. ஊரிலேயே மரியாதைக்குரிய போட்டோக்காரன் என்று பெயர் வாங்கிய அன்றைக்கு அவன் கேமரா அரிசி டப்பாவுக்குள் போயிற்று.

களத்துக்கு நிழல் வந்தபிறகு காம்பு கிள்ளுகிற பெண்களுக்குத் தலைவலி நின்றது, மூக்கில் ரத்தம் வருவது நின்றது, பாட்டுக்கூட வந்தது. மாரித்தங்கம் வீட்டுக்கு வந்த பிறகும் எரிந்து விழாமல் இருந்தாள், கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்தாள். அதைப் பார்க்கச் சீனிராஜுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கரிச்சான் குருவி வந்து கைக்கெட்டும் தூரத்தில் வாலை ஆட்டினால் அவனுடைய ஆள்காட்டி விரல் தானாக ஒருதரம் அமுங்கியது.

அந்த நேரம் பார்த்து, தப்பித்தவறி ஒரு கோடைமழை பெய்தது. வடக்கே தரிசெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல் கிளம்பியது. ஒரு காலையில் வால்வைத் திறந்துவிட்டுத் தொட்டிமேல் ஏறிய சீனிராஜ் அந்தப் புல்லுக்குமேல் கறுப்பாக ஏதோ ஒன்று துள்ளி விழுவதைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். மறுபடியும் துள்ளியது. கல்யாணமான புதிதில் பார்த்த அதே துள்ளல். தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் ஓடியது அவனுக்குத் தெரியவில்லை.

அரிசியைக் கிளறிக் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினான். புல்லுக்குள் கவிழ்ந்து படுத்து, கோழி எழும்பும்போதெல்லாம் அழுத்தினான். முதல் கிளிக்கிலேயே நிழல் களத்தைவிட்டு இங்கே வந்துவிட்டது. படத்தைப் பார்த்தால், கோழியைப் படத்தின் நடுவில் வைத்தாலும் சரி, ஓரத்தில் வைத்தாலும் சரி, துள்ளுகிற கோழி சரியாகப் பொட்டுக்குள்ளேயே போய்த் துள்ளியிருந்தது. கறுப்பு வட்டத்துக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நிழல் விழுந்த கோழி பொழுது அடைந்துவிட்டதென்று நினைத்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

களத்துக்குத் திரும்பி வந்து ஒரு கிளிக் போட்டு நிழலை அதனிடத்தில் வைத்தான். வேர்த்து வடிந்துகொண்டிருந்த பேச்சியம்மாள், "எங்க போயிட்டீக கொழுந்தனாரே, எங்களை வறுத்தெடுத்துட்டீகளே" என்றாள்.

"மதினி, கோழி வந்துருக்கு" என்று அவன் படத்தைக் காட்டினான்.

அவள் உற்றுப் பார்த்தாள். "இதா? யாரோ குடைபிடிச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்காக. காலு மட்டும் தெரியுது" என்றாள். களம் கொல்லென்று சிரித்தது. மாரித்தங்கமும் சிரித்தாள். எல்லாரும் சிரித்ததைத் தாங்கிக்கொண்டவனால் அவள் சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் அரிசி அளக்கும்போது அவன் பக்கத்தில் போய் நின்றான். "ஏ மாரி, நான் கோழியைப் பாத்தேன்னு சொன்னப்ப நீயாவது நம்புனியா?"

அவள் அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போட்டாள். "நம்பலை" என்றாள். "நம்பலைன்னா என்ன இப்ப? கோழி குதிச்சாலும் உங்ககூடத்தான் இருக்கப்போறேன், குதிக்காட்டியும் உங்ககூடத்தான் இருக்கப்போறேன்."

இதைவிட நல்ல வார்த்தை ஒரு பெண்டாட்டி புருஷனைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீனிராஜுக்குத்தான் அதில் வேறொன்று கேட்டது. இத்தனை வருஷமும் ஒரு பொய்யன் என்று தெரிந்தே, பரவாயில்லை என்று, அவள் அவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். அவள் சோறாக்கி வைத்துவிட்டுக் களத்துக்குப் போனாள். அவன் கேமராவோடு ரப்பர் உருண்டையையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான்.

தொட்டிக்கு அடியில் காற்றுப்படாத மூலையில் உட்கார்ந்து, கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, உருண்டையை அமுக்கினான். ஒரே ஊது. தூசி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. ஏணியில் ஏறிப்போய்க் களத்தைப் பார்த்தான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. களத்திலிருந்த தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் அண்ணாந்தன, அப்புறம் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அந்தத் தூரத்திலிருந்தும் பச்சைச் சேலையை வைத்து மாரித்தங்கத்தை அவனால் அடையாளம் காண முடிந்தது, அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பழையபடி குனிந்தாள். அதைப் பார்த்தும் அவன் களத்துக்குப் போகவில்லை. வடக்கே போனான். பாவி என்று நாம் சொல்லலாம், பார்த்ததைப் பார்த்தேன் என்று நிரூபிக்கப் பாதி ஆயுளைத் தொலைத்தவனுக்குத்தான் அந்தப் பாவத்தின் ருசி தெரியும்.

கோழி அவனை ரொம்ப நேரம் காக்கவைக்கவில்லை. பளீரென்ற வெயிலில் புல்லைப் பிளந்துகொண்டு எழும்பியது, ஆள் உயரத்துக்குமேல் போனது, தலையைப் பின்னால் வளைத்தது, கறுப்புச் சிறகுக்குள் இருந்த வெள்ளை தெரிய அதை விசிறிபோல விரித்தது, காதோர இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் வளைந்து நின்றன. அவன் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினான். படம் விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்தது. கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்ததும் வயலில் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாத தைரியத்தில், வாய்விட்டு அழுதான்.

களத்துக்குள் அவன் நுழைந்தபோது யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிளகாய்க் காம்பு ஒடிகிற சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளின் முகம் மிளகாயைவிடச் சிவந்திருந்தது, ஒருத்தி மூக்கைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள். நிழலில்லாத நாட்களில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்த அதே களம்தான், அதே வெயில்தான், ஆனால் அம்மன் சொன்ன மாதிரி பழகிவிட்டது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதை நிழலையே பார்க்காத ஊரில் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் அவர்கள் முதுகில் இறங்கியது.

சீனிராஜ் மாரித்தங்கத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவை நீட்டினான். அவள் வாங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள், யோசித்தாள், பிறகு வாங்கினாள். திரையில் வெயில் அடித்ததால் முந்தானையைக் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"ஏங்க" என்றாள் உள்ளேயிருந்து. "இது குதிக்குதுங்க."

"ஆமா."

"இம்புட்டு ஒசரத்துக்கா?"

"நான் அன்னைக்கே சொன்னேன்ல."

அவள் முந்தானையை விலக்கி அவனைப் பார்த்தாள். "சொன்னீக. நெசத்தைத்தான் சொல்லிருக்கீக. நான்தான் கிறுக்கி" என்றாள். கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காந்தல் என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் கேமராவைக் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு முந்தானைக்குள்ளும் போய், அட ஆத்தா என்றும், கண்ணுபட்டுரும் பிள்ளைகளா என்றும், நம்ம ஊர்லயா இது என்றும், ஒவ்வொரு முந்தானையும் ஒரு சத்தம் போட, களம் முழுக்கச் சுற்றி வந்தது. அவ்வளவு நேரமும் ஒருத்திக்கும் வெயில் ஞாபகம் வரவில்லை. ஒரு படத்தை ஊர் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சீனிராஜ் அன்றைக்குத்தான் பார்த்தான்.

கடைசியாகப் பேச்சியம்மாள் கைக்கு வந்தது. அவள் பார்த்து முடித்து, கேமராவை அவன் கையில் வைத்தாள். "கோழி நெசந்தான் கொழுந்தனாரே. இனிமே உங்களைச் சொன்னா எங்க நாக்கு அழுகிப்போகும். அது கிடக்கட்டும். எங்க நெழல் எங்க?"

சீனிராஜ் எழுந்தான். மெமரி கார்டை உருவி மாரித்தங்கத்திடம் கொடுத்தான், அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்து, முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள். சட்டைப்பையில் இருந்த வெற்றுக் கார்டு ஒன்றைக் கேமராவில் சொருகினான். பிறகு களத்தின் நடுவில், காற்று நன்றாக அடிக்கிற இடமாகப் பார்த்து நின்று, லென்ஸைக் கழற்றினான். கேமராவைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக் காப்பாற்றியவன், தும்மல் வந்தால்கூட முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்கிறவன், அதன் வாயை வானத்தைப் பார்க்கத் திறந்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். இனி அதனால் சுத்தமாக ஒரு படம்கூட எடுக்க முடியாது என்று அவனைத்தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

"மதினி" என்றான். "சாக்கை உதறுங்க."

பேச்சியம்மாளுக்கு அது புரிய ஒரு நொடி பிடித்தது. அப்புறம் அவள் முகம் மலர்ந்தது. "ஏ பிள்ளைகளா, எந்திரிங்க!" என்றாள். ஆளுக்கொரு காலிச்சாக்கை எடுத்துக்கொண்டு அவனைச் சுற்றிவந்து படார் படாரென்று உதறினார்கள், மிளகாய்த் தூசி செம்பட்டையாகக் கிளம்பி அவனையும் கேமராவையும் மூடியது, களமே தும்மியது, கொட்டகையில் எடைபோடுகிறவர் தும்மினார், ஆடுகள் தும்மின, சீனிராஜ் கண்ணில் நீர் வழிய வழியத் தும்மிக்கொண்டே லென்ஸை மாட்டினான். களத்தின் மேற்கு மூலைக்குப் போய், கோயில் இருக்கிற பக்கம் திரும்பாமல் கவனமாக நின்று, ஒரு கிளிக் போட்டான்.

எல்லோரும் அண்ணாந்தார்கள். வானம் முழுக்கப் பொட்டு. பெரியது, சின்னது, ஒன்றோடொன்று ஒட்டியது, தனியே நிற்பது, கைநிறைய உளுந்தை அள்ளி வீசிய மாதிரி. களத்தின்மேல் நிழல் விழுந்தது, நடுநடுவே காசு காசாக வெயில் சிந்தியது, காற்று வந்தபோது அந்தக் காசுகள்கூடக் கொஞ்சம் அசைந்தன. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் அவள் சொன்னதை நம்பி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

சீனிராஜ் மட்டும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மாரித்தங்கம் தன் குவியலைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் நிழலாகப் பார்த்து ஓரிடத்தைக் கையால் தட்டினாள்.

"உக்காருங்க" என்றாள். "காம்பு கிள்ளுங்க. கண்ணுல மட்டும் கையை வச்சிராதீக."